மாதா எங்கள் வீட்டில் தங்கிப்போன கதை

அம்மாவின் அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் அவளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அவர் எங்கள் பங்குக்கு மாற்றலாகி வந்து வெகுநாள் ஆகவில்லை. அவருக்குத் தெரிந்த அம்மா, பெண்கள் பக்கம் முன்வரிசையில் முக்காடு போட்டு, முழங்கால் மடக்க முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுக் குழுவுக்கு அரை வரி முன்னாலேயே பாடி முடித்துவிடுகிற ஒரு கிழவி. ஆகவே, "பக்தியுள்ள தாய், சிறந்த இல்லத்தரசி" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதில் தப்பொன்றும் இல்லை. எங்களைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் இல்லத்தரசி என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தான். அம்மா அரசாண்ட ராஜ்யத்தின் எல்லைச் சுவர் எவ்வளவு கனம் என்பது அவனுக்கும் தெரியும்தான்.

எங்கள் ஊர் திருமானூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம். கொள்ளிடத்துத் தண்ணீரில் ஒரு பக்கம் நெல்லும் ஒரு பக்கம் கரும்புமாக நிற்கும். அந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நின்ற குடும்பம் எங்களுடையது. அப்பாதான் முதலில் கரண்டி பிடித்துக் கொத்தனாரானார். அரியலூரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் ஒன்பது இஞ்ச் சுவர் எழுப்பியவர், சொந்த வீட்டுக்கு எழுப்பியது நாலரை இஞ்ச் சுவர். தாத்தா விட்டுப்போன ஒரே வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, நடுச்சுவர் யாருடைய இடத்தில் நிற்பது என்று தகராறு வந்தது. இரண்டு பேருக்கும் நஷ்டம் குறைவாக இருக்கட்டும் என்று செங்கல்லை ஒற்றை வரிசையாக வைத்துக் கட்டிவிட்டார். அந்தப் பக்கம் பெரியப்பா தும்மினால் இந்தப் பக்கம் நாங்கள் "சேசுவே" என்போம்.

சுவர் வந்ததும் தண்ணீர்க் குழாய் பெரியப்பா பக்கம் போயிற்று. அந்த வகையில் அம்மாவும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஓரகத்திகள் பேசாமலிருப்பது ஊரில் புதிதல்ல. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் பேசாமலே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா தன் கோழியிடம் பேசுவாள். அம்மா எங்கள் ஆட்டிடம் பேசுவாள். "தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேக்குறதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அந்தப் பக்கத்துக் கோழி ஏச்சு வாங்கும். "நமக்கெதுக்கு அடுத்த வூட்டுத் தண்ணி, தெருக்கோடில பைப்பு இருக்கு, நமக்குக் காலு இருக்கு" என்று இந்தப் பக்கத்து ஆடு ஆறுதல் பெறும். எங்கள் குடும்ப விவகாரம் முழுவதும் தெரிந்த ஜீவன்கள் அவை இரண்டும்தான். நல்லவேளை, இரண்டுக்கும் வாய் இல்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பகலில் அவரைப்போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. சாயங்காலம் வேலை முடிந்து, பஸ் ஏறுவதற்கு முன்னால் குடித்துவிடுவார். பஸ்ஸைவிட்டு இறங்கி அவர் தெருவில் நடந்து வருகிற நடையைப் பார்த்தே, இன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் எந்த மூலையில் படுக்கவைப்பது என்று அம்மா முடிவுசெய்வாள். முதலில் சோற்றைக் குறை சொல்வார். அப்புறம் அம்மாவின் பிறந்த வீட்டைச் சொல்வார். அப்புறம் அடிப்பார். அம்மா மட்டும் சத்தமே போடமாட்டாள். சத்தம் போட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும், அதைவிட அடியே மேல் என்பது அவள் கணக்கு. அப்பா போடுகிற சத்தம் ஒன்றே போதாதா என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. முகம் வீங்கியிருந்தால் மறுநாள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் வருவாள். எல்லா வீட்டிலும் சாயங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று நானும் தம்பியும் நினைத்திருந்தோம்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். கோயிலில் இருக்கும் சின்ன மாதா சுரூபம் அந்த மாதம் முழுக்க எங்கள் தெருக்களில் வீடு வீடாகத் தங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். சாயங்காலம் தெருவே அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும். முடிந்ததும் சுண்டலோ பொரியோ கிடைக்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்து, மாதாவை ஏந்திக்கொண்டு போவார்கள். நாமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அவர்கள் வந்து அழைத்தால்தான் மாதா போவாள். மாதா இருக்கிற வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை, டிவி போடுவதில்லை, யாரையும் ஏசுவதில்லை, குடித்துவிட்டு உள்ளே நுழைவதில்லை. ஒரு நாள்தானே என்று எல்லா வீட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவர்களாக இருந்துவிடுவார்கள்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. அம்மா இரண்டு நாளாகவே வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கல்யாணப் புடவையைச் சுவரில் திரையாகக் கட்டி, அதன் முன்னால் ஸ்டூல் வைத்து, வெள்ளைத் துணி விரித்து மாதாவை நிறுத்தினார்கள். அது நாலரை இஞ்ச் சுவர்தான். மற்ற சுவரெல்லாம் மழையில் ஊறிப்போயிருந்தன.

அன்றைக்கு அப்பா குடிக்காமல் வந்தார். சாமியாருக்குக்கூடப் பயப்படாதவர் மாதாவுக்குப் பயப்படுவார். சாரத்திலிருந்து விழுந்தும் தான் பிழைத்துக்கொண்டது மாதா புண்ணியத்தில்தான் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. வாசலில் காலைக் கழுவிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் கடைசியில் நின்று ஜெபமாலை சொன்னார். சுண்டலை அவரே எல்லோருக்கும் பரிமாறினார். தெருப் பெண்கள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மாதா அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த வீடு பெரியம்மாவுடையது. கூட்டம் வந்து காத்திருந்தது, சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வந்து காத்திருந்தார், பெரியம்மா வரவில்லை. ஆள் அனுப்பினார்கள். "வூட்டுல வெள்ள அடிக்கிறோம், ஒரே சுண்ணாம்பாக் கெடக்கு, நாளைக்கி வரேன்னு சொல்லுங்க" என்று பதில் வந்தது. கொட்டுகிற மழையில் யாராவது வெள்ளையடிப்பார்களா என்று கூட்டம் முணுமுணுத்தது. சரி, ஒரு நாள்தானே என்று அன்றைக்கும் எங்கள் வீட்டிலேயே ஜெபமாலை நடந்தது.

அதற்கு மறுநாள் பெரியம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். மணம் சுவரைத் தாண்டி வந்தது. கவிச்சி வீட்டுக்கு மாதாவை எப்படி அழைப்பது? அடுத்த நாள் பெரியப்பா வெளியூர் போயிருக்கிறார், ஆம்பளை இல்லாமல் மாதாவை ஏற்க மாட்டேன் என்றாள். பெரியப்பாவின் இருமல் சுவருக்கு அந்தப் பக்கம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

தெருவே பெரியம்மாவைக் காறித் துப்பாத குறை. ஓரகத்தி கையால் மாதாவை வாங்கக் கூடாதாம், பாருங்கள் வைராக்கியத்தை என்றார்கள். மாதாவையே வாசலில் நிறுத்திவைக்கிற நெஞ்சழுத்தம் எவளுக்கு வரும் என்றார்கள். பெரியம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோழியிடம் மட்டும், "இருக்குற எடத்துல இருந்துட்டுப் போவட்டுமே, இப்ப என்ன குடியா முழுவிப்போச்சு" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அதற்கு ஆட்டிடம் பதில் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் நல்ல மனிதர், தகராறு என்றால் காத தூரம் ஓடுகிறவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "அந்த வூட்ட விட்டுட்டு அதுக்கடுத்த வூட்டுக்குக் கொண்டுபோயிடலாம்மா. மாதாவுக்கு என்ன, எல்லா வூடும் ஒண்ணுதான்."

"அதெப்படிங்க? வரிசையா வந்தவ வரிசையாத்தான் போவா. எங்க வூட்டுலேர்ந்து வரிசை தப்புச்சின்னு ஒரு பேச்சு வரவேணாம்" என்றாள் அம்மா.

உபதேசியார் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இப்போது தெரு அம்மாவையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து தன்னிடம் கையேந்த வேண்டும் என்று இவளும் பிடித்த பிடியில் நிற்கிறாள், இரண்டும் ஒரே குட்டையில் ஊறியதுகள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கு இவ்வளவு வீம்பு இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதற்குள் வீட்டில் வேறொரு சங்கடம் முளைத்தது. குடிக்காத அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. குடிக்காத சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. முதலில் ஸ்டூலின் ஆடுகிற காலைச் சரிசெய்தார். ஓடு மாற்றி ஒழுகலை அடைத்தார். எனக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்து, தப்பாகச் சொல்லிக்கொடுத்ததில் மறுநாள் நான் டீச்சரிடம் குட்டு வாங்கினேன். கை நடுங்குகிறது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எப்பத்தான் வருவா ஒன் ஓரகத்தி?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்பார். மாதாவுக்கு எதிரில் குரலை உயர்த்த முடியாதே.

"எனக்கென்னங்க தெரியும், நானா பேசுறேன் அவுங்ககிட்ட?" என்பாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை கூலி வாங்கின கையோடு அப்பா குடித்துவிட்டார். ஜெபமாலை முடிந்து எல்லோரும் போன பிறகு, நனைந்துகொண்டே வாசல்வரைக்கும் வந்து நின்றார். உள்ளே மாதாவுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். அப்பா மாதாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பி நடந்து ஊருக்கு வெளியே பம்புசெட் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா கதவைத் தாழ் போட்டாள். அன்றைக்குத்தான் அம்மா குறட்டை விடுவாள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் அவனைக் கிள்ளி அடக்கினேன். அவள் எழுந்துவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அதன்பிறகு என்னுடைய ஜெபமெல்லாம் ஒன்றுதான். மாதாவே, பெரியம்மா வீட்டில் வெள்ளையடித்து முடியவே கூடாது. தினமும் அவள் கோழி அடிக்க வேண்டும். பெரியம்மாவை எனக்குக் கட்டோடு பிடிக்காது. அவள் கெட்டவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நாளைக்குக் கெட்டவளாகவே இருக்க வேண்டும் என்றுதான் முழங்காலில் நின்று மன்றாடினேன். மாதாவை இப்படிக் குழப்பிய பிள்ளை வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அம்மாவின் முகமும் அந்த நாட்களில் மாறிப்போயிருந்தது. வீட்டு வேலை செய்துகொண்டே பாடினாள். தினமும் தெருவுக்கே சுண்டல் போட்டுக் கட்டுப்படியாகாமல், கடைசியில் சுக்குக் காப்பியில் வந்து நின்றது. அதையும் சந்தோஷமாகத்தான் வைத்தாள். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். அவள் என்னைவிட எவ்வளவோ பெரியவள் என்று நினைத்திருந்தேன். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை என்பதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

விஷயம் சாமியார் காதுக்குப் போய்விட்டது. அவர் மற்ற ஊர்களுக்கும் பூசை வைக்க வேண்டியவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் ஊருக்கு வருவார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். பின்னால் பாதி ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "மாதம் முடியப் போவுது, இன்னும் எத்தன வூடு காத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு பொம்பளைங்க வீம்புக்கு மாதா பலியாவணுமா? இப்ப எனக்கு முன்னாடி மாத்திக்கணும்" என்றார்.

பெரியம்மா மெழுகுவர்த்தியோடு வெளியே வந்தாள். சுண்ணாம்பு வாசனையே இல்லாத சுவர்கள் அவளுக்குப் பின்னால் அழுக்காகத் தெரிந்தன. ஊர்ப் பெண்கள் சாமியார் இருக்கிறார் என்றும் பாராமல் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தலையைக் குனிந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தாள். பாகம் பிரித்த பிறகு அவள் எங்கள் வாசற்படியை மிதித்தது அன்றுதான்.

அம்மா சுரூபத்தைத் தூக்கி நீட்டினாள். இருவருக்கும் நடுவில் நான் இன்னொரு மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தேன். மாதாவின் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் பெரியம்மா குனிந்தாள்.

"இன்னும் நாலு நா இங்கனயே இருக்கட்டுமாடி? எனக்குக் காச்சலுன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கறேன்."

"போதும்க்கா. எனக்காவ ஊரு வாயில விழுந்தது போதும்" என்றாள் அம்மா. சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் மாதா இருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதாவின் மாலையில் கை வைத்துக்கொண்டே பொய்க் காய்ச்சலுக்குத் திட்டம் போடுகிறாளே, இவளுக்கு மோட்சம் கிடைக்குமா என்று நினைத்தேன். அம்மா அழுததும் மாதாவைப் பிரிகிற பக்தியால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். மாதா ஒருவழியாகக் கிளம்புகிறாள் என்ற நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. பெரியம்மா அவருக்கு எதிரில் வந்ததும் நின்றாள். கொழுந்தனிடம் அவள் நேருக்கு நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

"தம்பி, மாதா தூரமா ஒண்ணும் போவல. செவுத்துக்கு அந்தாண்டதான் இருப்பா. நீ கட்டுன செவுருதான, அது லட்சணம் ஒனக்கே தெரியும். எல்லாம் கேக்கும்."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓரகத்திகள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சாமியார் சந்தோஷப்பட்டு எல்லோரையும் ஆசீர்வதித்தார்.

சமாதானமெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே கோழியும் ஆடும் பழையபடி ஏச்சு வாங்க ஆரம்பித்தன. அம்மா தெருக்கோடிக் குழாய்க்குத்தான் போனாள். இருவரும் கிழவிகளாகி, பேரன் பேத்திகள் சேர்ந்து விளையாடின காலத்திலும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். ஆனால் பெரியம்மா இறந்த பிறகு, அவள் இறந்த நாளில் வருஷம் தவறாமல் அம்மா பூசை வைத்தாள். தன்னைப் பெற்றவளுக்குக்கூட அவள் அப்படி வைத்ததில்லை. என்ன இருந்தாலும் ஓரகத்தி முறைக்குச் செய்கிறாள் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைசிவரை என்னிடமும் சொல்லவில்லை.

அப்பா ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். மாதா அடுத்த தெருவுக்குப் போனதும் மறுபடி குடிக்க ஆரம்பித்தார். அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற நடையை அம்மா பார்த்தாள், எங்களை மூலையில் படுக்கவைத்தாள். சோறு சரியில்லை என்று அப்பா தட்டைத் தள்ளினார். அவர் குரல் உயர்ந்த அந்த நிமிஷத்திலேயே, சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா ஜெபமாலையை ஆரம்பித்தாள். சாதாரணமாக அல்ல, தொண்டை கிழிய. பெரியப்பாவும் பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்தில் பின்பாட்டுச் சொன்னார்கள். அப்பா கையை ஓங்கியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எல்லா நாளும் அது பலித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் குரல் உயர்ந்த நாளெல்லாம் அந்த ஜெபம் கேட்டது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஏம்மா, பெரியம்மாவுக்கு நேரங்காலமே தெரியாதா? இப்ப போயி எதுக்கு இந்தக் கத்து கத்துது?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவுங்க சொல்லட்டும். நீ தூங்கு" என்று என் தலையைத் தடவினாள்.

மாதா எப்போதோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். பின்னே யாருக்குக் கேட்க வேண்டுமென்று பெரியம்மா இப்படிக் கத்துகிறாள் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.